நாற்பது வீட்டுத் துண்டு

வெள்ளிக்கிழமைகளில் மருதமுனையில் தறிச்சத்தம் காலை பத்து மணியோடு அடங்கிவிடும். ஆண்கள் குளித்து, வெள்ளைச் சாறன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டதும் றஹீமாவின் வளவிலிருந்த தறிக்கொட்டில் பெண்கள் வசம் வந்துவிடும். மற்ற ஆறு நாளும் அங்கே றஹீமாவின் புருஷன் முகைதீன்பாவா வைத்ததுதான் சட்டம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் மட்டும், சொந்தக் கொட்டிலின் வாசலிலேயே மனிதர் செருமிவிட்டு நிற்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை உள்ளே மறந்து வைத்துவிட்டு ஒரு தடவை அரை மணி நேரம் வெயிலில் காய்ந்திருக்கிறார்.

பெண்கள் கூடுவது கழிவுத் துணிக்காக. பாவு நெய்து முடிந்தபின் தறியில் மிஞ்சும் முழ நீள நூல்கள், சாயம் சரியில்லையென்று கல்முனைக் கடைக்காரர் திருப்பியனுப்பிய சாறன், எலி கடித்த சீலை, பிள்ளைகள் முழங்காலில் கிழித்த காற்சட்டை எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். முன்பெல்லாம் அவை அடுப்பு மூட்டத்தான் போயின. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி ஊரையே உரித்துப் போட்ட பிறகு, கூரையில்லாத வீடுகளில் பிள்ளைகள் குளிரில் நடுங்கியபோது, றஹீமா சேற்றில் புதைந்து கிடந்த துணிகளை இழுத்தெடுத்து, அலசிக் காயவைத்து, வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வையாக்கினாள். அவளோடு நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு பத்துப் பேர். ஊருக்கெல்லாம் கூரை வந்த பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை. போர்வை, தலகாணி உறை, தொட்டிற்சீலை, கால்மிதி என்று அவர்கள் கையில் ஏதாவது ஒன்று உருவாகிக்கொண்டே இருந்தது. யாருக்குத் தேவையோ அவர் வீட்டுக்கு அது போய்ச் சேரும். கையோடு வாயும் ஓடியது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஊரில் யார் வீட்டில் என்ன கறி, எந்த மாமிக்கும் மருமகனுக்கும் முகம் கொடுத்துக் கதை இல்லை என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியவரும்.

அந்தக் கூட்டத்தில் தையல் என்றால் மைமூனாதான். மற்றவர்கள் வெட்டுவார்கள், நிறம் பார்த்து அடுக்குவார்கள், அடுக்கியதைக் கலைத்துச் சண்டை பிடிப்பார்கள். கடைசியில் எல்லாம் மைமூனாவின் மெஷினுக்குத்தான் வரும். அவள் தைத்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாலும் எங்கே ஒட்டு என்று பிடிபடாது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அதிகம் கதைக்கமாட்டாள். சூறாவளி அடித்த பத்தாம் நாள், ஊரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, அவளுடைய ஒரே மகன் ஜௌபர் வயிற்றோட்டத்தில் மௌத்தாகிப் போனான். மூன்றரை வயது. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையில்லை. அந்தக் கொட்டிலில் வந்து உட்கார்ந்திருக்காவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று மைமூனா நினைத்துக்கொள்வதுண்டு. அது உண்மையும்தான்.

சூறாவளிக்குப் பின் நான்காவது வருஷம், நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கையில், ஸுல்பிகாவுக்கு ஏழு மாதம் என்று தெரியவந்தது. ஸுல்பிகா மீன் வியாபாரி பளீலின் மனைவி, இருபத்தைந்து வயதுப் பெண். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்த அன்றே போனது. இரண்டாவது மூன்று மாதம் இருந்தது, முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியது, பிறகு அதுவும் போனது. இந்த மூன்றாவதைப் பற்றி அவள் ஐந்து மாதம் வரைக்கும் தன் உம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

“இந்த முற குவியல்ல இருந்து எடுக்கிற இல்ல,” என்றாள் றஹீமா அந்த வெள்ளிக்கிழமை. “நாப்பது வீட்டுத் துண்டுதான்.”

பிறந்த பிள்ளையின் மேல் நாற்பது நாளைக்குப் புதுத்துணி படக்கூடாது, பழசுதான் போர்த்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பிள்ளை தங்காத வீட்டுக்கென்று அதற்கும் மேலே ஒன்று வைத்திருந்தார்கள். பிள்ளைகளை ஒரு குறையுமில்லாமல் வளர்த்தெடுத்த நாற்பது வீடுகளுக்குப் போய், அந்தப் பிள்ளைகள் உடுத்துக் கழித்த துணியில் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்க வேண்டும். வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்த நாற்பதையும் ஒன்றாகத் தைத்துப் பிள்ளைக்குப் போர்த்தினால் நாளொன்றுக்கு ஒரு வீடு காவல் நிற்கும் என்பது கணக்கு.

வாசலில் நின்றபடியே முகைதீன்பாவா இதைக் கேட்டுவிட்டார். “இதெல்லாம் மார்க்கத்துல எங்ககா இரிக்கி?”

“பழஞ்சீல புள்ளட மேலுக்கு மெதுவா இரிக்கும். அது மார்க்கத்துல இல்லாட்டிப் போகுது, சீலையில இரிக்கி. நீங்க பள்ளிக்குப் போங்க, பாங்கு சொல்லப் போகுது.”

பெண்கள் சிரித்தார்கள். மைமூனாவும் சிரித்தாள். றஹீமா விரல் மடித்து வீடுகளை எண்ணத் தொடங்கினாள். முதலில் அவளுடைய வீடு. ஏழு பிள்ளைகள், ஏழும் கல்லுக்குண்டு மாதிரி. அடுத்து கமீலாவின் வீடு. கமீலா அந்தக் கூட்டத்திலேயே இளையவள், வாயாடி, மூன்று பிள்ளைக்காரி. அப்படியே வட்டத்தில் உட்கார்ந்திருந்த வரிசைப்படி விரல் மடிந்துகொண்டு வந்தது. மைமூனாவின் இடப்பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு விரல். வலப்பக்கத்தில் இருந்தவளுக்கு அடுத்த விரல்.

நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. றஹீமாவுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்து, மிகவும் அன்பாக, “மைமூனாக்கு என்னத்துக்கு அலைச்சல். அவ தச்சுத் தந்தாப் போதும்,” என்றாள்.

எல்லோரும் அவரவர் மடியிலிருந்த துணியைக் குனிந்து பார்த்தார்கள். மைமூனா, “ஓம் ராத்தா, நான் தைக்கன்,” என்றாள். யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கடுமையான சொல் விழவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இப்படிப் பஞ்சில் சுற்றி ஒதுக்கி வைத்தால் என்ன செய்வது? நாலு வருஷமாக இந்தப் பெண்களோடு தோளொட்டி இருந்தவள், தான் அவர்களில் ஒருத்தி என்று நம்பியவள். பிள்ளை பெற்றவர்கள் வரிசையில் தனக்கு இடமில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

வீட்டில் அவளுடைய புருஷன் கச்சிமுகம்மது தறிக்குழியில் கால் விட்டபடி அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். “என்ன கத இண்டைக்கி?” என்று கேட்டான். வெள்ளிக்கிழமைக் கதை கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“ஸுல்பிகாட புள்ளக்கி நாப்பது வீட்டுத் துண்டு எடுக்காங்க.”

“நம்மட வீடும் அதுலயா?”

“நம்மட தைக்கிற வீடு,” என்றாள் மைமூனா.

கச்சிமுகம்மது நிமிர்ந்து பார்த்தான். இழையை வாயில் வைத்து ஈரப்படுத்தி, மறுபடி குனிந்துகொண்டான். அவன் அப்படித்தான். வேதனை வந்தால் வேலையைக் கூட்டிவிடுவான். அன்றைக்கு அவனுடைய தறி மஃரிப் தொழுகை தாண்டி இருட்டிய பிறகும் ஓடியது.

துண்டுகள் வந்து சேர ஒரு மாதமாயிற்று. ஒவ்வொன்றும் ஒரு கதையோடு வந்தது. இது இரண்டாவது மகன் கொய்யா மரத்தில் கொளுவி முதுகோடு கிழித்துக்கொண்ட சட்டை. இது மூத்தவள் ஓதப்போன முதல் நாள் உடுத்த பாவாடை. இதில் இருக்கும் கறை மாதுளங்காய்க் கறை, எத்தனை சவர்க்காரம் போட்டும் போகாது. கமீலா கொண்டுவந்து தந்தது ஊதா நிறத் துண்டு, வெள்ளைப் பூப்போட்டது. “இத உடுத்திக்கிட்டுத்தான் என்ட சின்னவள் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தவள். நான் பின்னுக்கால நிண்டு இந்தச் சட்டையப் புடிச்சுத்தான் இழுத்த. அவ்வளவு காவலான சட்ட, நல்ல நடுவுல வச்சுத் தைங்க ராத்தா!” என்று கட்டளை போட்டுவிட்டுப் போனாள்.

மைமூனா அவற்றைக் கழுவினாள், ஒரே அளவாக வெட்டினாள், பாயில் பரப்பி நாட்கணக்காக இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். மனத்தாங்கல் இருந்தாலும் கை பொய் சொல்லவில்லை. நிறத்துக்கு நிறம் இழைந்துவந்தது. ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் அந்தப் பாயில் படுத்துக் கிடப்பதுபோல இருந்தது. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, நெஞ்சு எரியவும் செய்தது.

கடைசித் துண்டுகளை மடிப்புப் பிடிக்க அயன்பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டாள். பிற்பகல் நேரம். கடற்காற்று ஜன்னலால் ஒரு தரம் வீசியது. பெட்டியின் வாயிலிருந்து ஒரு நெருப்புப் பொறி பறந்து கமீலாவின் ஊதாத் துண்டில் விழுந்தது. தட்டி அணைப்பதற்குள் உள்ளங்கையளவு ஓட்டை. கிணற்றுக்கே தப்பிய சட்டை ஒரு பொறிக்குத் தப்பவில்லை.

கமீலாவின் வீடு ஆறு வீடு தள்ளித்தான் இருந்தது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு போய், பொசுங்கிப் போச்சுகா, இன்னொன்று தா என்றால் கமீலா கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்திருப்பாள். மைமூனா முக்காட்டை எடுக்கத்தான் எழுந்தாள். எழுந்தவள் மூலையிலிருந்த தகர றங்குப்பெட்டியைத் திறந்தாள்.

அடியில் ஜௌபரின் சட்டை இருந்தது. பச்சை, ஊடே மெல்லிய மஞ்சள் கோடு. கச்சிமுகம்மது ஒரு சாறன் பாவு முடிந்த பிறகு மிஞ்சிய இழையில் இன்னும் ஒன்றரை முழம் தள்ளி நெய்து மகனுக்கென்று தந்த துணி அது. அப்படியொரு பச்சை வேறு யாருக்கும் கிடையாது. பிள்ளை போன அன்று அந்தச் சட்டை பள்ளிக்கூட வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் மற்றத் துணிகளோடு எரிபடாமல் மிஞ்சியது.

கத்தரிக்கோலை வைத்த பிறகு அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வெட்டியிருக்கமாட்டாள். முதுகுப் பக்கத்தில் ஒரு சதுரம் வெட்டினாள். நடுவில் வைக்கத் துணிவில்லை, ஓரத்தில், கீழ் மூலைக்கு மேலே வைத்தாள். பிள்ளைகளெல்லாம் வரிசையில் நிற்கும் இடத்தில் அவனையும் ஒரு கரையாக நிற்கவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஒருவருக்கும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. அவனும் ஒரு பிள்ளைக்கு உதவட்டும் என்று நினைத்தாள். தைத்து முடித்து, அந்த மூலையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். கண்ணீர் பட்ட இடத்தைக் காயவைத்து மடித்து றஹீமாவிடம் கொடுத்தாள்.

“அல்லாஹ், இது போர்வையா பூந்தோட்டமா!” என்று றஹீமா அவளைக் கட்டிக்கொண்டாள். கமீலா அன்று ஊரில் இல்லாதது மைமூனாவின் நல்ல காலம்.

நோன்பு தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன் ஸுல்பிகாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வாயை அகலத் திறந்து அழுகிற பிள்ளை. ஊரே மூச்சு விட்டது. மூன்றாம் நாள் பிள்ளையின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. நாலாம் நாள் நெஞ்சு வரைக்கும் இறங்கியது. ஆசுபத்திரியில் ஆறு நாள் வைத்திருந்து, பிறந்த பிள்ளைகளுக்கு இது வருவதுதான், நன்றாகப் பால் கொடுங்கள், தானாக இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். டாக்டர் சொல்வதை யார் கேட்டார்கள்? இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் மூன்றாவது மஞ்சளாகக் கிடக்கிறது. பால் இழுத்துக் குடிக்கவில்லை, எந்நேரமும் தூங்குகிறது. ஊர் பயப்பட அது போதுமாக இருந்தது.

மைமூனா படித்தவளில்லை என்றாலும் ஒரு துண்டுத் துணியால் பிள்ளைக்கு மஞ்சள் வராது என்று அவளுக்கும் தெரியும். பகலில் தெரியும். படுத்தால் தெரியாது. நெருப்புப் பொறி விழுந்ததே ஒரு எச்சரிக்கைதானோ, தன் ஆசைக்காக இன்னொருத்தியின் வயிற்றில் அடித்துவிட்டோமோ என்று குழம்பினாள். போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் ஸுல்பிகாவின் வேலிக் கடப்பு வரைக்கும் போனாள். சொன்னால் அந்தக் கொட்டிலின் வாசல் இனி தனக்கில்லை. இரண்டு தரமும் திரும்பி வந்தாள்.

பிள்ளை பிறந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை றஹீமாவே வந்து கூப்பிட்டாள். “வாகா, ஸுல்பிகாட வீட்ட போவம். எனக்கு மனசுக்குள்ள ஒண்டு கிடந்து உறுத்துது. நாப்பதுல ஏதோ ஒரு துண்டு பிழையா வந்திட்டு. எல்லாரயும் வரச் சொல்லிட்டன். ஒவ்வொருத்தரா அவங்கட துண்டக் காட்டட்டும்.”

மைமூனா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ஸுல்பிகா திரைச்சீலைக்குப் பின்னால் கட்டிலில் இருந்தாள். அறையெங்கும் சாம்பிராணியும் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் உள்ளிச் சரக்கும் மணத்தன. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, போர்வையை றஹீமாவிடம் கொடுத்தாள். றஹீமா அதைப் பாயில் விரித்தாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் நோன்பு வாய்.

“இது என்ட. கொய்யா மரத்துச் சட்ட.”

“இது எங்கட. அடுத்ததும் எங்கட மச்சிட வீட்டுத் துண்டு.”

வராதவர்களின் துண்டுகளை றஹீமா தானே இனம் கண்டு விரல் வைத்தாள். அவள்தானே வீடு வீடாகக் கேட்டு வாங்கியவள். முப்பது, முப்பத்தைந்து என்று விரல்கள் நகர்ந்தன. கமீலா போர்வையின் நடுவைத் தேடினாள், ஓரத்தைத் தேடினாள், திருப்பிப் பார்த்தாள்.

“என்ட ஊதாத் துண்டு எங்க?” என்றாள். “இஞ்ச என்ன, ஒரு பச்ச கிடக்கு. மஞ்சக் கோடு போட்டது. இது ஆருட?”

“ஆருட வீட்டுப் பச்ச இது?” என்று றஹீமா இன்னொரு தரம் கேட்டாள். பிறகு எல்லாத் தலைகளும் தைத்தவள் பக்கம் திரும்பின.

மைமூனா முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். “கமீலாட துண்டு அயன்பெட்டி நெருப்புல பொசுங்கிட்டு. அதுக்குப் பதிலா வச்ச. அது… என்ட மகன்ட. ஜௌபர்ட சட்ட.”

யாரோ ஒருத்தி “யா அல்லாஹ்” என்று மூச்சோடு சொன்னாள்.

“மறதியா கைக்கு வந்திட்டா?” என்று கேட்டாள் றஹீமா. அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. ஓம் என்று சொல்லிவிடு என்று கேட்பதுபோல இருந்தது.

மைமூனாவுக்குப் பொய் சொல்ல வழி திறந்துதான் கிடந்தது. “இல்ல ராத்தா. பெட்டியத் திறந்து, தெரிஞ்சுதான் வெட்டின.”

“ஏன்கா அப்பிடிச் செஞ்ச? உனக்கு நாங்க என்ன கொற வச்ச?”

“ஒரு கொறயும் வைக்கல்ல. நாப்பது வீட்டயும் வாயால கேட்டீங்க. என்னட்டயும் கேப்பீங்கண்டு பாத்துக்கிட்டு இருந்தன். அவனயும் நான் பெத்துத்தானே வளத்த. மூண்டர வரிசம் வளத்தன் ராத்தா.” முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். “பிழதான். புள்ளட மேல கொண்டு வந்து வச்சது என்ட பிழதான். நான் இப்பவே பிரிச்சுத் தாறன். என்னோட கோவிக்காதீங்க.”

இடுப்பிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். போர்வையின் மூலையைப் பிடித்து, தானே மறைத்துத் தைத்த தையலைத் தேடினாள். கண்ணீரில் தையல் தெரியவில்லை. விரலுக்கும் பிடிபடவில்லை. அத்தனை நன்றாகத் தைத்திருந்தாள்.

“பிரிக்க வேணாம்.”

கட்டிலிலிருந்து வந்த குரல். ஸுல்பிகா பிள்ளையை அணைத்தபடி எழுந்து நின்றாள். நிற்கவே அவளுக்குப் பலமில்லை, ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இரிகா மனே, பச்ச உடம்பு,” என்றாள் றஹீமா. “உன்ட புள்ளக்காகத்தான் இவ்வளவும்.”

“எனக்குத் தெரியும் ராத்தா. நீங்க வெயில்ல திரிஞ்சு கேட்டு வாங்கின. சாகுமட்டும் மறக்கமாட்டன்.” ஸுல்பிகா மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா ஒண்டு கேக்கன். மௌத்தான புள்ளட துண்டு மேல பட்டா ஆகாதெண்டு பயப்பிடுறீங்க. ரெண்டு புள்ள கிடந்துட்டுப் போன வயித்துக்குள்ளதானே இவள் ஒம்பது மாசம் கிடந்தாள்? அத என்ன செய்யிற? என்னயும் பிரிச்சு எடுக்கிறதா?”

றஹீமா போர்வையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ஸுல்பிகா சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் மைமூனா. “கொஞ்சம் புடிங்க ராத்தா,” என்று பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். மைமூனா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். ஸுல்பிகா குனிந்து கட்டிலின் அடியில் கைவிட்டு, ஒரு துணி முடிச்சை வெளியே இழுத்தாள். முடிச்சை அவிழ்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறுக்கிக் கட்டி வைத்தது.

உள்ளே இரண்டு சின்னச் சட்டைகள். ஒன்று வெள்ளை, மடிப்புக் கலையாதது. மற்றது நாலைந்து தரம் தோய்த்து வெளிறிய ரோஸ்.

“இது மூத்தவன்ட. ஒருக்காத்தான் போட்ட, அதுவும் குளிப்பாட்டிட்டு. இது ரெண்டாமத்தவள்ட. பளீலுக்கும் தெரியாம வச்சிரிக்கன். கண்டா எரிச்சுப் போடச் சொல்லுவாங்களெண்டு பயம்.” பாயில், போர்வையின் பக்கத்தில் அவற்றை வைத்தாள். “இவளுக்கு ஊர்ப் புள்ளையள் எல்லாம் துணி தந்திரிக்கி. மைமூனா ராத்தாட மகனும் தந்திரிக்கான். கூடப்பொறந்ததுகள்ட ஒண்டும் இல்ல. அதுகளும் தரட்டும். இதயும் தச்சுத் தாங்க.”

திரைச்சீலைக்கு அப்பால் தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. கமீலாதான் முதலில் அசைந்தாள். வெள்ளைச் சட்டையை எடுத்து முழங்காலில் வைத்து, கைமடிப்பை நீவிவிட்டாள். வாயாடிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். “இவ்வளவு சின்னக் கையா?” என்றாள்.

றஹீமா மூக்கைச் சிந்திக்கொண்டாள். போர்வையைத் தன் பக்கம் இழுத்து, பச்சைத் துண்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “நான் கேட்டிரிக்கணும் மைமூனா,” என்றாள். “கேக்காம உட்டது என்ட பிழ. உன்ட மனசு நோகுமெண்டு நெனச்சுத்தான் கேக்கல்ல. அப்பிடியெண்டு நானே எனக்குச் சொல்லிக்கிட்டன். உள்ளுக்குப் பயம்தான் கிடந்திரிக்கி.” பிறகு கையை நீட்டினாள். “ஆரும் ஊசி தாங்க.”

“நான் தைக்கன் ராத்தா,” என்றாள் மைமூனா.

“நீ இரி. உனக்குக் கை எங்க இரிக்கி?”

உண்மைதான். பிள்ளை அவளுடைய மடியில் அசைந்து, கண்ணைத் திறந்து, கையில் அகப்பட்ட மைமூனாவின் சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சப்புக் கொட்டியது. பசி வந்த பிள்ளை. ஸுல்பிகா பார்த்துவிட்டு, “தாங்க, பால் கேக்கிறாள்,” என்று கையை நீட்டினாள். நீட்டியவள் மைமூனாவின் முகத்தைப் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டாள். “கொஞ்சம் பொறுத்துத் தாங்க. அவசரமில்ல,” என்றாள்.

றஹீமா வெள்ளைச் சட்டையில் ஒரு சதுரம் வெட்டி, பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கையால் தைக்கத் தொடங்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தாள். தையல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, ஏழாவது பிள்ளை கரித்துண்டால் சுவரில் கிறுக்கியது மாதிரிப் போனது. வேறொரு நாளென்றால் மைமூனா அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கமாட்டாள், பிடுங்கியெடுத்துத் தானே தைத்திருப்பாள். அன்றைக்கு அவள் போர்வைப் பக்கம் திரும்பவேயில்லை.